பத்து மைக்ரோ செகண்ட்

பெனுவே ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நான் மின் பொறியியல் இறுதி ஆண்டு. பெயர் டூசூர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தையே முழுசாகத் தாண்டியவர்கள் கிடையாது, நான்தான் முதல். பெருமைக்குச் சொல்லவில்லை. மேலே ஏறினால் எங்கே வழுக்கும் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை, புராஜெக்ட் வாய்மொழித் தேர்வு. தேறியவர்களின் பெயர்ப் பட்டியல் மறுநாள் மாலை நாலு மணிக்குக் காரில் தலைநகர் அபுஜாவுக்குப் போகும். அதில் பெயர் இருந்தால், பட்டதாரிகள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவைக்கு அழைப்பு வரும். சேவைச் சான்றிதழ் இல்லாத ஆளுக்கு இந்த நாட்டில் ஒருவனும் உத்தியோகம் தரமாட்டான். பெயர் இல்லாவிட்டால் இன்னொரு முழு வருடம். என் அப்பா கிழங்குச் சந்தையில் தள்ளுவண்டி தள்ளுகிறவர். அவர் முதுகில் இன்னொரு வருடம் இல்லை.

தேர்வுக் குழுவுக்கு மாணவர்கள் சோறு போடுவது எங்கள் துறையின் வழக்கம். சமையல் பட்டியலில் என்னையும் சேர்த்து நாலு பெண்களின் பெயர் தேர்வுப் பட்டியலுக்கு முன்பே ஒட்டப்பட்டிருந்தது. நான் சமைக்க மாட்டேன் என்று சொன்னேன். அதனால்தானோ என்னவோ, பதினான்கு பேரில் என்னைப் பதினொன்றாவது ஆளாகப் போட்டிருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து கூடத்துக்கு வெளியே சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தேன்.

என் தலைப்பு: மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு முழுப்பால (ஃபுல் பிரிட்ஜ்) இன்வெர்ட்டரை வடிவமைத்து சிமுலேஷன் செய்தல். கையில் காசு இருப்பவன் 'வடிவமைத்துக் கட்டுதல்' என்று தலைப்பு வாங்குவான். காசில்லாதவர்களுக்கு சிமுலேஷன். எங்களை 'லேப்டாப் எஞ்சினியர்' என்று கூப்பிடுவார்கள்.

விஷயம் கஷ்டமானது இல்லை. நாலு சுவிட்ச், பாலத்தின் இடது கையில் மேலும் கீழும் இரண்டு, வலது கையில் மேலும் கீழும் இரண்டு. நடுவில் மோட்டார். சுவிட்சை மூடினால் மின்சாரம் ஓடும், திறந்தால் நிற்கும். குறுக்குச் சோடிகளை மாற்றி மாற்றித் திறந்து மூடினால், ஒரே பக்கம் ஓடும் மின்சாரம் இப்படியும் அப்படியுமாக மோட்டாருக்குள் ஓடும். எவ்வளவு வேகமாக மாற்றுகிறோமோ அவ்வளவு வேகமாக மோட்டார் சுற்றும். ஒரே ஒரு சட்டம்தான். ஒரு கையின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடியிருக்கக் கூடாது. மூடியிருந்தால் மின்சாரம் மோட்டாரைத் தொடாமல் நேராகக் கீழே பாயும், அதுதான் குறுக்கு மின்னோட்டம், வெடிக்கும். அதனால் ஒன்றை அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மற்றதை மூட வேண்டும். என் வடிவமைப்பில் அந்தப் பொறுக்கும் நேரம் ஒரு மைக்ரோ செகண்ட். ஒரு செகண்டைப் பத்து லட்சமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு.

படியில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் தயாரித்தவர்கள் கொடுத்த விவரத்தாள் கையில். அதில் ஒரு வரி: முழுக்க அணைய ஆகும் நேரம், ஒன்று புள்ளி ஆறு.

நான் பொறுக்கச் சொல்லியிருப்பது ஒன்று. அது அணைய ஒன்று புள்ளி ஆறு.

திரும்பவும் படித்தேன். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் இரண்டு சுவிட்சும் சேர்ந்து மூடியிருக்கிறது. என் சிமுலேஷனில் அது வெடித்திருக்க வேண்டுமே. ஏன் வெடிக்கவில்லை? ரிப்போர்ட்டின் நாலாவது அத்தியாயத்தில் என் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன்: குறுக்கு மின்னோட்டம் எதுவும் காணப்படவில்லை.

டெர்வாசே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வகுப்புத் தலைவன். ஒன்பதாவது ஆளாகப் போய்ப் பாஸாகி வந்தவன், டையைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தான்.

"என்ன டூசூர், கல்யாணப் பொண்ணு மாதிரி வேர்க்குது?"

"உன் ஃபைல்ல சுவிட்ச் அணையற நேரத்தைப் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அண்ணன்மார் குடுத்த ஃபைல். மூணு வருஷமா பாஸ் பண்ணிக்கிட்டு இருக்கு. அது என்னை விடப் பெரிய படிப்பாளி."

"சிமுலேஷன் எத்தனை மைக்ரோ செகண்டுக்கு ஒருதரம் எட்டிப் பாக்குது?"

"பத்து. ஏன்?"

பத்து. என்னுடையதும் பத்துதான். அந்த எண்ணைப் போட்டது எந்த அண்ணன் என்று தெரியாது, ஏன் போட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து போட்டால் இருபத்தைந்து நிமிடத்தில் முழு ஓட்டமும் முடிந்துவிடும். எங்கள் பழைய லேப்டாப்புகளின் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். இந்த ஊரில் கரண்ட் இன்றைக்கு ஒரு மணி நேரம் வரும், அடுத்து நாளை மறுநாள்தான். அதற்குள் முடிகிற எண்தான் நல்ல எண். எஞ்சினியரிங் கணக்கு எதுவும் அதில் இல்லை.

பத்து மைக்ரோ செகண்டுக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறவளுக்கு நடுவில் அரை மைக்ரோ செகண்ட் நடக்கும் திருட்டு எப்படித் தெரியும்? அவள் பார்க்கும்போதெல்லாம் வீடு ஒழுங்காகத்தான் இருக்கும்.

லேப்டாப்பைத் திறந்தேன். பத்தை அழித்து அரை என்று போட்டேன். சுவிட்சுக்கு ஒன்று புள்ளி ஆறு கொடுத்தேன். முழுதும் ஓட்டினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஓட்டினேன். பதினைந்து நிமிடம். உள்ளே பத்தாவது ஆளைக் கூப்பிட்டார்கள். டெர்வாசே போகாமல் என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிராஃப் வந்தது. பத்து ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் ஊசி ஊசியாக முந்நூற்று எண்பது.

"மூடு," என்றான் டெர்வாசே மெதுவாக. "டூசூர், அதை மூடு. நான் எதையும் பாக்கல."

நான் ஓடினேன். என் வழிகாட்டி டாக்டர் அகோசு கூடத்தின் பின்வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். குழுவில் அவரும் உண்டு.

"சார், ஒரு நிமிஷம். என் ஓட்டம் தப்பு. பொறுக்கற நேரம் பத்தாது, ரெண்டு சுவிட்சும் சேர்ந்து மூடுது."

போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ரிப்போர்ட்ல என்ன இருக்கு?"

"எதுவும் காணலைன்னு எழுதியிருக்கேன்."

"அப்ப எதுவும் காணல."

"சார்—"

"பாரு மகளே. வெளியூர்லேருந்து வந்தவர் மூணு மணிக்கு வண்டி ஏறணும். பத்து பேருக்குக் கையெழுத்துப் போட்டுட்டார், பத்தும் இதே ஃபைல். நீ உள்ள வா, கிராஃபைக் காட்டு, நன்றி சொல்லு, வெளிய போ. சட்டம் படிக்க வந்தியா, எஞ்சினியரிங்கா?"

பதினொன்று என்று கூப்பிட்டார்கள்.

உள்ளே மின்விசிறி நின்றுபோயிருந்தது. வெளித் தேர்வாளர் பேராசிரியர் உமோரென் கடற்கரைப் பக்கத்து ஆள், தலை முழுக்க நரை, தட்டில் பாதிச் சோறு மிச்சம். நான் பேசினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மோட்டாரை ஓட்டிய மூன்று வேகங்களையும் காட்டினேன். மூன்று கிராஃபும் வழவழவென்று இருந்தன. ஒரு பொய் எவ்வளவு அழகாக வளைகிறது என்று பார்த்துக்கொண்டே பேசினேன். முடித்தேன். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்குப் பாத்ததுல இதுதான் சுத்தமா இருக்கு. டாக்டர் அகோசு, இதை ஏன் தாள்ல தூங்க விடறீங்க? உங்க விடுதியில தண்ணி பம்பு மோட்டார் இருக்குல்ல? ரெண்டாம் வருஷப் பசங்ககிட்ட குடுங்க. இந்த அளவுகளை வெச்சே கட்டட்டும்."

"நல்ல யோசனை, சார். அடுத்த மாசமே," என்றார் அகோசு, என்னைப் பார்க்காமல்.

இரண்டாம் வருடப் பசங்கள் எப்படிக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூடி போடாத பெட்டி. மேலே குனிந்து நாலு தலை. முந்நூறு வோல்ட் நிரம்பிய கெப்பாசிட்டர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். என் பெயர் போட்ட அட்டவணை பக்கத்தில் விரித்து வைத்திருக்கும்.

"இதை வெச்சுக் கட்டக்கூடாது, சார்," என்றேன்.

அகோசு இருமினார்.

"ஏன்?" என்றார் உமோரென்.

"வெடிக்கும். பொறுக்கற நேரம் ஒண்ணு போட்டிருக்கேன், சுவிட்ச் அணைய ஒண்ணரைக்கு மேல ஆகுது. சிமுலேஷன் பத்துக்கு ஒருதரம் பாக்குது, அதனால தெரியல. அரைக்கு ஒருதரம் பாத்தா முந்நூத்தி எண்பது ஆம்பியர். இப்பத்தான் வெளிய ஓட்டிப் பாத்தேன்."

"பத்து ஏன் வெச்சே?"

"பேட்டரி நாப்பது நிமிஷம்தான் தாங்கும் சார். அரை வெச்சா எட்டு மணி நேரம் ஓடணும். இந்த ஊர்ல எட்டு மணி நேரம் கரண்ட் கடைசியா எப்ப இருந்துச்சுன்னு டாக்டரைக் கேளுங்க."

குழுவில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். உமோரென் முன்னால் இருந்த பத்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக நாலாவது அத்தியாயத்தில் திறந்து பார்த்தார். நாலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எல்லாவற்றிலும் பத்து.

"இதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டாச்சு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு என்னிடம்: "உனக்குப் போட முடியாது. தப்புன்னு நீயே சொல்லிட்டே. திருத்தி, மூணு வேகமும் புதுசா ஓட்டி, நாளைக்கு நாலு மணிக்குள்ள டாக்டர் அகோசு கையில குடு. அவர் பாத்து மார்க் போடலாம்."

"பத்து பேர் பாஸ், நான் மட்டும் இல்லையா?"

"நீ மட்டும்தான் வாயைத் திறந்தே."

அதை ஒரு பாராட்டு மாதிரி சொன்னார். அந்தப் பாராட்டை அவர் தட்டிலேயே கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. வெளியே வந்தேன். மிச்ச மூன்று பேரும் படியில் நின்று என்னைப் பார்த்தார்கள். செய்தி எனக்கு முன்பே வெளியே வந்திருந்தது.

"எங்க கிராஃபையும் திருப்பிக் கேப்பாங்களா?" என்றான் டெர்வாசே.

"தெரியாது."

"நீ நல்லவளா இரு, வேண்டாம்னு சொல்லல. தனியா இருந்திருக்கலாம்ல?"

எட்டு மணி நேரம். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் முதலிலிருந்து. எங்களிடம் இருந்தது காசு கொடுத்து வாங்காத மென்பொருள். பாதியில் நிறுத்திச் சேமிக்க விடாது. எங்கே போனாலும் இத்தனை நேரம் தொடர்ந்து யார் ஜெனரேட்டர் ஓட்டுவார்கள்? யோசித்து யோசித்துத் தலை வலித்தது. பிறகுதான் தோன்றியது, அது சேமிக்காவிட்டால் நான் சேமிக்கிறேன். ஓட்டத்தைப் பதினாறாக நறுக்கினேன். ஒரு துண்டு அரை மணி நேரம். துண்டு முடியும்போது மோட்டாரின் வேகம், கோணம், ஒவ்வொரு சுருளிலும் ஓடும் மின்னோட்டம், கெப்பாசிட்டரின் வோல்ட் என்று ஒன்பது எண்கள். அவற்றை நோட்டில் எழுதி, அடுத்த துண்டின் தொடக்கத்தில் கொடுத்தால் மோட்டார் நிற்காமல் ஓடுகிற மாதிரிதான். பொறுக்கும் நேரத்தை இரண்டரை ஆக்கினேன்.

அன்று மாலை முடிவெட்டும் கடையில் மூன்று துண்டு. வெட்டுகிறவர் மெஷினைச் செருக என் கம்பியைப் பிடுங்குவார், நான் திரும்பச் செருகுவேன். ஏழு மணிக்குக் கடையை மூடிவிட்டார். விடுதியில் கரண்ட் இல்லை, பேட்டரியிலும் மிச்சம் இல்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மீன் குளிர்க்கிடங்கு திறந்தது. நடத்துகிற அக்கா பெயர் ஓயிஜே, இடோமா இனத்துக்காரி. மீன் கெடக்கூடாது என்று பகலெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டுகிறவள்.

"அக்கா, ஒரு பிளக் வேணும். மதியம் வரைக்கும்."

"எதுக்கு? சினிமா பாக்கவா?"

"பரீட்சை. இது முடியலைன்னா எனக்கு ஒரு வருஷம் போச்சு."

"யுனிவர்சிட்டில கரண்ட் இல்லாம என் மீன்கிட்ட வந்து படிக்கிறியா?" சிரித்தாள். "உக்காரு. பெட்டி மேல ஈரம் இருக்கு, உன் மெஷினை நனைச்சா என்னைத் திட்டாதே."

நாலு. ஐந்து. உறைபெட்டி மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கும், என் நெஞ்சும் கூடவே மங்கும். ஆறாவது முடிந்து ஒன்பது எண்களை எழுதினேன். ஏழாவதைத் தொடங்கினேன். பாதியில் பார்த்தால் மோட்டாரின் வேகம் தாறுமாறாக எகிறி விழுந்துகொண்டிருந்தது. நோட்டைப் பார்த்தேன். ஒரு மின்னோட்டத்துக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். இருபது நிமிடம் வீண். திரும்ப அடித்தேன், ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்து.

"மந்திரமா சொல்றே?" என்றாள் ஓயிஜே அக்கா, மீனைத் துண்டு போட்டபடி.

"ஆமாக்கா. தப்பாச் சொன்னா பேய் என்னையே புடிச்சுக்கும்."

பன்னிரண்டரைக்கு ஒன்பதாவது முடிந்தது. ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் அணைத்து ஆற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகிவிடும் என்றாள். கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, எஞ்சினைப் பற்றி அவள் சொன்னது சரி. பத்தாவதை பேட்டரியில் ஓட்டினேன். திரையை இருட்டாக்கி, மேலே துணி போட்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தபோது பேட்டரி நாலு சதவீதம். டயருக்குக் காற்றடிக்கும் கடைக்கு ஓடினேன். அவர் கம்ப்ரசருக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தார். பதினொன்று அங்கே. மணி இரண்டேகால். இரண்டு வேகங்கள் முடிந்தன. மூன்றாவது வேகத்துக்கு இன்னும் ஐந்து துண்டு, இரண்டரை மணி நேரம். என்னிடம் இருந்தது ஒன்றே முக்கால். கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. இருந்ததை அச்சடிக்கப் போனேன். அச்சுக் கடையில் எனக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாற்பதுக்கு அகோசுவின் அறை. அவர் தாள்களைப் புரட்டினார்.

"என்ன இது? கிராஃப் நடுவுல நெளிஞ்சு கிடக்கு."

"பொறுக்கற நேரத்தைக் கூட்டினா அப்படித்தான் நெளியும் சார். நெளியாம இருந்ததுதான் பொய். குறுக்கு மின்னோட்டம் இப்ப இல்லை, அடுத்த பக்கத்துல இருக்கு."

அடுத்த பக்கத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ விரலால் அளந்தார். "துண்டு துண்டா ஓட்டினியா? ஒட்டு எங்க இருக்குன்னு தெரியலையே."

"தெரியக்கூடாதுன்னுதான் ஒன்பது எண் எழுதினேன்."

"மூணாவது வேகம் எங்கே?"

"கரண்ட் இல்ல."

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தெட்டு. கதவுக்கு வெளியே துறை அலுவலகத்தின் எழுத்தர் மேடம் ஹெம்பா பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள், கீழே கார் ஹாரன் அடித்தது.

அகோசு என் பழைய ரிப்போர்ட்டை இழுப்பறையிலிருந்து எடுத்தார். மூன்றாவது வேகத்தின் கிராஃப் இருந்த தாளைக் கிழித்தார். வழவழவென்ற அந்தத் தாள். புதிய தாள்களின் கடைசியில் வைத்தார்.

"இப்ப மூணும் இருக்கு," என்றார். தணிந்த குரல்தான், மிரட்டல் இல்லை. "உனக்கு எழுபது போடறேன். போ."

எழுபது என்றால் முதல் வகுப்பு. அப்பாவுக்கு முதல் வகுப்பு என்றால் என்னவென்று தெரியாது, எனக்குத் தெரியும். அந்தத் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் அது ஒரு கிராஃப், அவ்வளவுதான். கார் திரும்பவும் ஹாரன் அடித்தது. நான் கையை நீட்டி அந்தத் தாளை எடுத்தேன். எடுக்கும்போது என் விரல் அவர் விரலில் இடித்தது.

"ரெண்டு வேகம்தான் ஓட்டினேன், சார். ரெண்டுன்னு எழுதி என்ன மார்க் வருமோ போடுங்க."

"பேராசிரியர் மூணுன்னு சொன்னார். ரெண்டுன்னு எழுதினா உன்னை ஃபெயில் பண்ண எனக்கு உரிமை இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"இன்னொரு வருஷம் படிக்க வைக்க உங்க வீட்ல யார் இருக்கா?"

"யாரும் இல்ல. நீங்க சீக்கிரம் எழுதுங்க சார், கார் போயிடும்."

என்னைப் பார்த்தார். திமிர் பிடித்தவள் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. திமிர் இல்லை. இன்னொரு நிமிடம் நின்றிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், அந்தப் பயம்தான். தாளை நாலாக மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன்.

அவர் எழுதினார். 'இரண்டு வேகங்கள் மட்டும். வடிவமைப்பு திருத்தப்பட்டது.' பேனா நின்றது. பிறகு எண்: நாற்பத்தைந்து. தேறுவதற்கு அதற்குக் கீழே போக முடியாது.

"நன்றி," என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது.

"நன்றி சொல்லாதே. அடுத்த வருஷப் பசங்களுக்கு அந்த ஃபைலை விட்டுட்டுப் போ."

"எட்டு மணி நேரம் ஓடும் சார். அவங்க திரும்பப் பத்து போடுவாங்க."

அவர் மார்க்குத் தாளைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

மேடம் ஹெம்பா மார்க்குத் தாளை வாங்கி, கதவுக் கட்டையில் வைத்தே என் பெயரைக் கடைசி வரியில் கையால் எழுதினாள். மற்ற பெயர்களெல்லாம் அச்சில் இருந்தன. படியிறங்கப் போனவளை மறித்தேன்.

"மேடம், ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க."

"எனக்கு நேரமில்லடி."

"என் பேரை மட்டும்."

அவள் பெருமூச்சு விட்டு வாசித்தாள். பதிவு எண்ணையும் வாசிக்கச் சொன்னேன், வாசித்தாள். மை காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். "பைத்தியமே, வழியை விடு," என்றாள். விட்டேன். அவள் பின்னாலேயே இறங்கினேன். பட்டியல் உறைக்குள் போனதைப் பார்த்தேன், உறை ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் விழுந்ததைப் பார்த்தேன். கார் நகர்ந்தது. செம்மண் பாதையில் அதன் பின்னாலேயே நடந்தேன், பிறகு வேகமாக நடந்தேன். அது வாசல் தடுப்பைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி லாரிகளோடு கலக்கும்வரை நான் திரும்பவில்லை.